இரண்டு நோயாளி சேர்ந்தால்தான் கார்

என் தங்கை மகன் போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய கையோடு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். நிறம், கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "பெரியம்மா, எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. இந்தக் காரு எண்ணெய் குடிக்கவே குடிக்காது. அவ்வளவு சிக்கனம்" என்றான்.

பிள்ளை சந்தோஷமாகச் சொன்னது. எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. "யார ஏத்தாம மிச்சம் புடிச்சாங்கன்னு வித்தவன்கிட்ட கேட்டியா?" என்று கேட்டேன். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

அவனுக்காகவும், இப்போது தோட்டங்களில் வேலை பார்க்கும் இரண்டு மருத்துவிச்சிப் பிள்ளைகள் என்னிடம் கேட்டுக்கொண்டதற்காகவும் இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அது ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை.

நான் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோரில், கொழுந்து வாட்டும் வேலை. ஹட்டனில் படித்தேன். கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி எடுத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயிற்சி முடிந்ததும் திம்புள்ளப் பகுதியில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. செம்பாறைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்றாகியும் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

நான் போன புதிதில் அந்தத் தோட்டத்தில் நோயாளிக்கென்று வண்டி கிடையாது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகும் லொறியில், பெட்டிகள் போக இடமிருந்தால் நோயாளிக்கு இடம். இல்லாவிட்டால் மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படித் தூக்கிப்போன சிலரைப் பாதி வழியிலேயே திருப்பித் தூக்கிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அது வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் நாய், பியானோ, கார் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றார்கள். எங்கள் தோட்டத்துக்கு நிர்வாகியாகப் புதிதாக வந்த துரை கொழும்புக்காரர், இந்த நாட்டு மனிதர். அவர் அப்படி ஒரு சின்னக் காரைத் தோட்டக் கணக்கில் வாங்கி, தோட்டத்து மருந்தகமான டிஸ்பென்சரிக்குக் கொடுத்தார். மங்கிப்போன பச்சை நிறம். ஒரு கதவு உள்ளேயிருந்து கயிறு போட்டுக் கட்டினால்தான் நிற்கும். ஆனாலும் அது வந்த நாளில் லயத்துப் பெண்கள் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நானும் கும்பிட்டேன். இனிமேல் மூங்கிலும் கம்பளியும் வேண்டாம் என்று நம்பினேன்.

காரை ஓட்ட சண்முகம் என்பவரைப் போட்டார்கள். முன்பு லொறியில் கிளீனராக இருந்தவர். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ஆனால் அந்தக் காரைப் பற்றி என்றால் பேசுவார். பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"வித்துட்டுப் போன வெள்ளக்காரரு ஒரு கலன் பெட்ரோலுக்கு இத்தன மைலு ஓடும்னு தொரைகிட்ட ஒரு நம்பரு சொல்லிட்டுப் போயிட்டாருங்கம்மா. அந்த நம்பரு பொய்யில்ல. ஆனா அது கொழும்புல கடற்கரை ரோட்டுல ஓடினப்ப உள்ள நம்பரு. இங்க ஒண்ணாம் கியர்லயும் ரெண்டாம் கியர்லயுந்தான் ஏறணும். காலையில பனியில எஞ்சின் சூடாகவே அரைக் குவளை எண்ணெய் போயிரும். ஏத்தத்துல தண்ணி கொதிச்சு நின்னு நின்னு போகணும். பாதி நம்பருகூட வராதுங்க."

"தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அப்ப மிச்சப் பாதி எங்க போவுது?'ன்னு கேட்டாரு."

திருடுகிறாயா என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் என்று சண்முகத்துக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பெட்ரோலைப் பற்றி அவர் துரையிடம் வாயைத் திறக்கவில்லை.

துரை கத்துகிற மனிதர் அல்லர். ஒரு நாளும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. மென்மையான குரலில் ஆங்கிலத்தில்தான் பேசுவார், பேசும்போது பென்சிலை மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டேயிருப்பார். சிக்கனமான கார் வாங்கிவிட்டேன் என்று பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரிடமெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அதனால் கார் சிக்கனமாக இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அவருடைய பெரிய கார் கிளப்புக்கும் நுவரெலியாவுக்கும் போய்வர எவ்வளவு குடித்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

முதலில் பெட்ரோலை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டும், மருந்தகப் பொறுப்பாளரான டிஸ்பென்சர் துண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதை ஆபீசில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பிறகு ஸ்டோருக்குப் பின்னாலுள்ள பீப்பாயிலிருந்து தகர அளவையால் பெட்ரோல் ஊற்றுவார்கள். எவ்வளவு? வெள்ளைக்காரர் சொன்ன நம்பரை வைத்து எவ்வளவு வருமோ அவ்வளவு. மலை ஏறி வருவதற்கு அது எப்படிப் போதும்? இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பிச் சும்மா உருட்டிக்கொண்டு போவார் சண்முகம். சத்தமே இருக்காது. காற்று மட்டும் கேட்கும். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். பின்னால் வலியில் முனகும் பெண். நான் கண்ணை மூடிக்கொள்வேன். துரைக்கு இது தெரிந்ததும், தடுப்பார் என்றுதான் நினைத்தேன். "நல்ல யோசனை" என்று சொல்லி அதையே உத்தரவாக்கிவிட்டார்.

அடுத்தது பாரம். பாரம் குறைந்தால் எண்ணெய் குறையும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பின் இருக்கையின் மெத்தையைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டார்கள். சாமான் பெட்டி போயிற்று. உபரிச் சக்கரம் போயிற்று. அது ஸ்டோர் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. அதற்கும் மேலே ஒன்று வந்தது: நோயாளியோடு வீட்டு ஆட்கள் யாரும் ஏறக்கூடாது. பிள்ளை பெறப் போகிறவளின் புருஷனும் தாயும் பாரமாம். அவர்கள் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் இறங்கி ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். ரோடு வளைந்து வளைந்து போவதால் சில நாள் எங்களுக்கு முன்னாலேயே போய்விடுவார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு.

கடைசியாக வந்ததுதான் இரண்டு நோயாளிச் சட்டம். ஒரு நோயாளிக்காகக் கார் போகாது. இன்னொருவர் சேர வேண்டும். அவசரம் என்றால் துரையே எழுதிக் கொடுக்க வேண்டும். துரை தோட்டத்தில் இல்லையென்றால்? அதற்குச் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இந்தச் சட்டங்களை எங்களிடம் அமல்படுத்தியவர் டிஸ்பென்சர் நடராசா ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், என் மேலதிகாரி. வேலையில் சுத்தமான மனிதர், அதை நான் மறைக்க மாட்டேன். காயம் கட்டினால் அவர் கட்டியதுபோல யாரும் கட்ட முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைப்பார். பேனாவைத் திறந்து ஒரு தரம் உற்றுப் பார்ப்பார். பிறகு மூன்று கேள்வி, எப்போதும் அதே வரிசையில்.

"காய்ச்சல் இருக்கோ? ரத்தம் போகுதோ? நாளைவரைக்கும் தாங்குமோ?"

முதல் இரண்டும் அவர் படித்த கேள்விகள். மூன்றாவது அந்தக் கார் வந்த பிறகு முளைத்தது. தாங்கும் என்று சொன்னால் துண்டைத் திருப்பி வைத்துவிடுவார். தாங்காது என்று சொன்னால், "பொறும் பிள்ளை, இன்னொரு ஆள் வரட்டும்" என்பார். மாசக் கடைசியில் பெட்ரோல் குறைந்திருந்தால் துரை அவரைப் பாராட்டுவார். கிறிஸ்மஸ் சமயம் ஒரு பிஸ்கட் டின் வரும். அதை அலமாரிக்கு மேலே எல்லாரும் பார்க்க வைத்திருந்தார்.

செல்லம்மாவின் விஷயம் நடந்தது நல்ல கொழுந்துக் காலத்தில். அவள் நாலாம் நம்பர் மலையில் கொழுந்தெடுப்பவள், சின்னப் பெண். இரண்டாவது பிள்ளை. புருஷன் ராமையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். காலைப் பெரட்டில் பேர் பதிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு அவன் என்னைத் தேடி ஓடிவந்தான். "வலி வந்துருச்சுங்கம்மா. ஆனா போன வாட்டி மாதிரி இல்லங்குறா."

போய்த் தொட்டுப் பார்த்தேன். தலை கீழே இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. இடுப்புக்குப் பக்கவாட்டில் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வயிற்றைக் கிழித்து இரண்டு உயிரையும் காப்பாற்றிவிடலாம். லயத்தில் வைத்துப் பார்க்க என்னால் ஆகாது, யாராலும் ஆகாது. ராமையாவிடம் அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கிவரச் சொல்லிவிட்டு நான் முன்னால் ஓடினேன்.

நடராசா ஐயா கையைக் கழுவினார். துடைத்தார்.

"காய்ச்சல் இருக்கோ?"

"ஐயா, பிள்ளை குறுக்கே கிடக்கு. கார் வேணும்."

"ரத்தம் போகுதோ?"

"போகல. போறதுக்கு முன்னாலயே கொண்டுபோகணும்னுதான் கேக்குறேன்."

அவர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆபீசுக்குப் போன் பண்ணினார். துரை நுவரெலியாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், பெரிய காரில். போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரை இல்லை. இண்டைக்கு வேற நோயாளியும் இல்லை. மத்தியானம்வரைக்கும் பாப்பம், பிள்ளை."

"மத்தியானம்வரைக்கும் எதைப் பாக்குறது?"

"என்னை என்ன செய்யச் சொல்லுறீர்? சட்டம் நான் போட்டதோ?"

கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சண்முகம் துணியால் கண்ணாடியைத் துடைத்தபடி நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவில் செல்லம்மா ஒரு பலகையில் கிடந்தாள். ஒரு நோயாளி, ஒரு கார், ஒரு டிரைவர், ஒரு மருத்துவிச்சி, கையெழுத்துப் போட ஒரு டிஸ்பென்சர். இத்தனை பேர் இருந்தோம். இல்லாமல் போனது இன்னொரு நோயாளி. இன்றைக்கு எழுதும்போதும் என் பல் நறநறக்கிறது.

சரி, நோயாளிதானே வேண்டும் என்று நாலாம் நம்பர் மலைக்கு ஓடினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். மூச்சு வாங்க நின்று சொன்னேன். "செல்லம்மாவுக்குப் பிள்ள குறுக்க கிடக்கு. இன்னொரு நோயாளி இருந்தாத்தான் காரு போகுமாம்."

கருப்பாயி என்ற வயதான பெண் கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நெஞ்ச அடைக்குது" என்றாள்.

கணக்கப்பிள்ளை, "ஏய் கருப்பாயி, இப்பத்தான நல்லா இருந்த?" என்றார்.

"இப்பத்தான் அடைக்குது."

பின்னால் நின்ற ஒருத்தி, "எனக்குந் தலை சுத்துது, நானும் வர்றேன்" என்றாள். இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் கருப்பாயியை மட்டும் கையைப் பிடித்து எழுப்பினேன். பாதி நாள் பேர், அதாவது கூலி, போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தாள்.

நடராசா ஐயா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவளுக்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். துண்டில் "நெஞ்சு வலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. நான் போய்வந்த நேரத்துக்குள் செல்லம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டிருந்தது. ஆபீசில் முத்திரை வாங்கி, தகர அளவையில் பெட்ரோல் அளந்து ஊற்றி, எஞ்சின் பிடிக்காமல் ராமையா தள்ளி, ஒருவழியாகக் கார் புறப்பட்டது. கார் உருண்டதும் ராமையா தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஓடத் தொடங்கினான். அவன் ஏறக்கூடாதே.

மழை பிடித்துக்கொண்டது. கருப்பாயி பலகையில் உட்கார்ந்து செல்லம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அணைக்காதீங்க சண்முகம், எஞ்சினோட போங்க" என்றேன். அவரும் அணைக்கவில்லை. பாதி தூரம் வந்திருப்போம். ஒரு வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. சண்முகம் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். பின் சக்கரம் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. தேய்ந்து தேய்ந்து நூல் தெரிந்த டயர். புது டயருக்கு அவர் கேட்டுப் பல மாசம் ஆகியிருந்தது.

உபரிச் சக்கரம் ஸ்டோர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சண்முகம் மழையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "மாட்டியிருந்தா பத்து நிமிசத்துல போயிருப்பேன்மா. மாட்டியிருந்தா…" அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். செல்லம்மா ஒரு சத்தம் போட்டாள். நான் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். பிள்ளையின் கை வெளியே வந்திருந்தது. சின்ன விரல்கள். நான் தொட்டபோது அது என் விரலைப் பிடித்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்லம்மாவிடமும் சொன்னதில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நுவரெலியாவிலிருந்து கோவா என்கிற முட்டைக்கோசும் கரட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது. சிங்கள டிரைவர். சண்முகம் ரோட்டின் நடுவில் போய் நின்று கையை விரித்தார். டிரைவர் இறங்கி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஆளிடம் ஏதோ கத்தினார். இரண்டு பேரும் மூட்டைகளை ரோட்டோரம் தூக்கிப் போட்டு இடம் பண்ணினார்கள். செல்லம்மாவை ஏற்றினோம், நானும் கருப்பாயியும் ஏறினோம். அந்த மூட்டைகள் திரும்பி வரும்வரை மழையில் கிடந்திருக்கும். யார் எடுத்தார்களோ, அந்த மனிதருக்கு எவ்வளவு நட்டமோ.

ஆஸ்பத்திரி வாசலில் ராமையா நின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் சேறு. மரக்கறி லொறி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதும் அவன் அதைப் பார்க்கவில்லை. எங்கள் பச்சைக் கார் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.

செல்லம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, முழு வளர்ச்சி. டாக்டர் வெளியே வந்து, "ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று என்னிடம் கோபப்பட்டார். அவரிடம் நான் என்ன சொல்வேன்? கார் இருந்தது டாக்டர், நோயாளிதான் குறைவாக இருந்தார்கள் என்றா?

இரண்டு நாள் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். நானும் நடராசா ஐயாவும் போனோம். "உட்காருங்கள்" என்றார். அறையில் அவருடைய நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லை. பென்சில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அன்றைக்குக் காரில் போன இரண்டாவது பெண்ணுக்கு நோய் ஒன்றுமில்லை என்று கேள்விப்படுகிறேன்" என்றார். "இது நிர்வாகத்தை ஏமாற்றுவது. உங்களுக்குத் தெரியுமா?"

"சேர், ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறது" என்றேன்.

"அதற்காக வருந்துகிறேன். உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் அது வேறு விஷயம், இது வேறு விஷயம்."

"இரண்டும் ஒரே விஷயம், சேர்."

அவர் நடராசா ஐயாவின் பக்கம் திரும்பி, "அந்தப் பெண்ணை நீங்கள்தானே சோதித்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, "நெஞ்சு வலி இருந்தது" என்று சொன்னால் போதும். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதானே அது.

"மிட்வைஃப் சொன்னதை நம்பித்தான் கையெழுத்து வைச்சனான், சேர்" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கருப்பாயிக்கு அன்றைய பேர் வெட்டப்பட்டது, பொய் நோய் சொன்னதற்கு இன்னொரு நாளும் வெட்டினார்கள். நடராசா ஐயாவுக்கு ஊரில் கலியாணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள், வேலை போனால் அவர் என்ன செய்வார் என்று பலபேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். அவரை மன்னிக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். என்னால் ஆகவில்லை.

கருப்பாயியின் பேரை வெட்டிய மறுநாள் காலை நான் டிஸ்பென்சரிக்குப் போனபோது படியிலிருந்து ரோடுவரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் நம்பர் மலைப் பெண்கள் அத்தனை பேரும். இரண்டு இரண்டு பேராக, வரிசையாக. கூடை இல்லை. பெரட்டுக்குப் போகவில்லை. முன்னால் கருப்பாயி.

நடராசா ஐயா வெளியே வந்து திகைத்துப் போய் நின்றார். "என்ன வருத்தம் உங்களுக்கு?"

"மேலுக்கு முடியலங்க ஐயா."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்குந்தாங்க" என்றாள் கருப்பாயி. "ரெண்டு ரெண்டு பேராத்தான் வந்துருக்கோம். ஒத்த ஆளா ஒருத்தியும் வரல. காரை எடுக்கச் சொல்லுங்க."

சண்முகம் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கங்காணி வந்து கெஞ்சினார், கணக்கப்பிள்ளை வந்து மிரட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மற்ற மலைகளின் பெண்களும் வந்தார்கள். கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் மெஷின் நின்றது. அப்போதுதான் துரைக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. செல்லம்மாவின் பிள்ளை செத்தபோது புரியவில்லை, கொழுந்து முற்றியபோது புரிந்தது. மூன்றாம் நாள் ஹட்டனிலிருந்து சங்கத்து ஆட்கள் வந்து ஆபீசில் பேசினார்கள். பெண்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நோயாளி என்றாலும் கார் போக வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். சுவரில் தொங்கும் சக்கரம் காருக்கு வர வேண்டும். இறக்கத்தில் எஞ்சினை அணைக்கும் உத்தரவை எடுக்க வேண்டும் என்பதைச் சண்முகம் கேட்கச் சொல்லி நான் சேர்த்துவிட்டேன்.

எல்லாம் கிடைத்தது. இனிமேல் அவசரத்துக்கு மருத்துவிச்சியின் கையெழுத்தே போதும் என்றும் ஆனது. ஆனால் ஆபீஸ் பலகையில் ஒட்டிய அறிவித்தலில், தொழிலாளர் நலனைக் கருதி நிர்வாகம் தானாகவே முன்வந்து இந்த வசதிகளைச் செய்வதாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெண்களுக்கு அந்த மூன்று நாள் சம்பளமும் கொடுக்கவில்லை.

சில மாசம் கழித்துச் சண்முகத்திடம் கேட்டேன், முன்னைக்கு இப்போது எவ்வளவு பெட்ரோல் கூடியிருக்கிறது என்று. அவர் யோசித்துவிட்டு, "மாசத்துக்கு ஒரு தகரம் ஒண்ணர தகரம் கூடியிருக்கும்மா, அவ்வளவுதான்" என்றார். மனுஷருக்குத் தினமுமா நோய் வருகிறது? அந்த ஒன்றரைத் தகரத்துக்குத்தான் அத்தனை சட்டம், அத்தனை கையெழுத்து, அந்தப் பிஸ்கட் டின். சிக்கனம் என்று அவர்கள் சொன்னது அதைத்தான்.

நான் அந்தத் தோட்டத்தில் அறுபதுகளின் நடுப்பகுதிவரை வேலை பார்த்தேன். எத்தனையோ பெண்கள் அந்தக் காரில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். புருஷன்மார் முன்னால் உட்கார்ந்து போனார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கருப்பாயிக்கும் மற்றப் பெண்களுக்கும் துரோகம் செய்ததாகும்.

செல்லம்மா இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் ஏற்கெனவே கத்தி பட்டிருந்ததால் இந்தப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தலை நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. எட்டாம் மாசத்தில் ஒரு நாள் அவள் கேட்டாள்.

"வலி வந்தா காரு வருமாங்கம்மா?"

"வரும்."

"நான் ஒருத்தின்னாலும்?"

"நீ ஒருத்தின்னாலும் வரும். நானே கையெழுத்துப் போடுவேன். ராமையாவும் கூட வரலாம்."

தலையை ஆட்டினாள். நம்பினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நல்ல வெயில். நான் டிஸ்பென்சரி வராந்தாவில் நின்றேன். கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. சண்முகம் அன்றுதான் டாங்கியை நிரப்பியிருந்தார். ரோட்டில் செல்லம்மா வந்தாள். தலையில் தகரப் பெட்டி, ஒரு கை இடுப்பில். பின்னால் ராமையா மூத்த பிள்ளையைத் தோளில் வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவளுடைய நாத்தனார் வீடு இருக்கிறதாம். பிள்ளை பிறக்கும்வரை அங்கே போய் இருக்கப்போகிறாளாம்.

"இந்த வயித்தோட அவ்வளவு தூரம் நடக்காத. ஏறு, சண்முகம் கொண்டுபோய் விட்டுருவாரு" என்றேன்.

சண்முகம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் திறந்த கதவைப் பார்த்தாள். உள்ளே போட்டிருந்த பலகையைப் பார்த்தாள். "இருக்கட்டுங்கம்மா, மெதுவா நடந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். வளைவு திரும்பும்வரை அந்தத் தகரப் பெட்டி தெரிந்தது. ஒரு மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. திரும்பி வந்ததும் நடந்துதான்.

இந்தத் தடவை அவளால் அந்தக் காருக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் செலவாகவில்லை.